தாடைக்குக் கீழே

மார்ச் 4, செவ்வாய்

மதியம் இரண்டு மணி. கடையில் ஆள் இல்லை. அண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கிறார். டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

காலையிலிருந்து பதினோரு ஷேவிங், நாலு கட்டிங். கணுக்கால் வீங்கி செருப்புப் பட்டை பதிந்து கிடக்கிறது. மடக்குக்கத்தி ஷேவிங்குக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. யாரோ எங்கள் கடையை வீடியோ எடுத்துப் போட்டானாம். இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள் பெஞ்சில் இடம் இல்லாமல் வாசலில் நிற்கிறார்கள். நாற்பது வருஷமாக இதே கத்தி, இதே கை. இப்போதுதான் முளைத்த மாதிரி "வேற லெவல் அங்கிள்" என்கிறார்கள். சந்தோஷம்தான். கால்தான் ஒத்துழைக்கவில்லை.

எழுத வந்தது வேறு. காலையில் அண்ணன் ஒருவருக்கு நுரை போடும்போது பிரஷ் கன்னத்தைத் தாண்டிக் காதுக்குள் போய்விட்டது. அவர் சிரித்தார். அண்ணனும் "காதுல இருக்கிற அழுக்கும் போகட்டும், அதுக்குத் தனிக் காசு இல்ல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு வாரத்தில் இது மூன்றாவது தடவை.

மார்ச் 6, வியாழன்

அண்ணன் தன் நாற்காலியை ஜன்னலை ஒட்டி நகர்த்திவிட்டார். கேட்டால், காற்று வருகிறதாம். அந்த ஜன்னலில் காற்று வந்து நான் பார்த்ததில்லை. வெளிச்சம்தான் வரும்.

தோல்பட்டையில் கத்தி தீட்டும்போது மட்டும் எந்தக் குறையும் இல்லை. கத்தியின் முதுகை முதலில் வைத்து இழுத்து, முனையில் புரட்டி, திரும்ப இழுத்து. பார்க்கவே வேண்டாம், அந்த வேலைக்குக் கண் தேவையில்லை. முகத்துக்குத் தேவை.

தேவையா? அண்ணனைக் கேட்டால் அதற்கும் தேவையில்லை என்பார்.

மார்ச் 9, ஞாயிறு

நடந்தேவிட்டது.

பெஞ்சு நிறைய ஆள். என் நாற்காலியில் பேங்க் கேஷியர். அண்ணன் நாற்காலியில் புதிதாக வந்த ஒரு பையன், கண்ணை மூடி சொகுசாகச் சாய்ந்திருந்தான். 'ஸ்' என்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். காது மடலின் கீழ்நுனியில் ரத்தம். மடலில் ரத்தம் நிற்காது, கழுத்தில் இறங்கிச் சட்டைக்குப் போய்விட்டது. நான் ஓடிப்போய்ப் படிகாரத்தை வைத்து அழுத்தினேன்.

அண்ணன் சொன்னார்: "நீங்க அசைஞ்சுட்டீங்க தம்பி."

அவன் அசையவில்லை. சத்தம் வருவதற்கு முன்பிருந்தே கண்ணாடியில் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தான். ஆனால் அந்தப் பையன் பயந்துபோய், "ஆமாம், சாரி அங்கிள்" என்றான். காது அறுந்தவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறான்.

அண்ணன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. கத்தி கீறினால் அது கத்தி பிடித்தவன் தப்பு, உட்கார்ந்திருப்பவனைச் சொல்லக்கூடாது என்று எனக்கு மண்டையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

மார்ச் 10, திங்கள். கடை விடுமுறை

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். அண்ணி சமையலறைக்குள் கூப்பிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தணிந்த குரலில் பேசினார். டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுகிறாராம். படியில் இறங்கும்போது சுவரைத் தடவுகிறாராம். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பக்கம் திருப்பாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாராம்.

"ஒரு நாள் என்னையே உத்துப் பார்த்தாரு தம்பி. 'உன் மூஞ்சி நடுவுல அழுக்குத் துணி தொங்குற மாதிரி இருக்கு, ஓரத்துல காது மட்டும் தெரியுது'ன்னாரு. அப்புறம் 'யார்கிட்டயும் சொல்லாதே'ன்னுட்டாரு."

எத்தனை நாளாக என்று கேட்டேன். மழைக்காலத்துக்கு முன்னாலிருந்தே என்றார். ஆறு மாதம் இருக்கும்! ஆறு மாதமாக ஒரே அறையில், நாலடி தூரத்தில் நிற்கிறேன்.

டாக்டரிடம் போகச் சொன்னால் சண்டைக்கு வருகிறாராம். "நீங்க சொல்லுங்க தம்பி. உங்க பேச்சைக் கேப்பாரு."

என் பேச்சை அவர் எப்போது கேட்டார்?

மார்ச் 12, புதன்

இன்று சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

இன்றும் இல்லை.

மார்ச் 15, சனி

வேறு வழி கண்டுபிடித்தேன். ஷேவிங்குக்கு வருபவர்களை என் நாற்காலிக்கு இழுப்பது, கட்டிங்கை அவரிடம் தள்ளுவது. "வாங்க சார், இங்க காலி" என்று முந்திக்கொள்கிறேன். கத்தரியும் மெஷினும் என்றால் சீப்பு நடுவில் இருக்கும், பெரிதாக ஒன்றும் ஆகாது.

இதனால் ஷேவிங் முழுக்க என் தலையில். இன்று இருபத்திரண்டு. முழங்கைக்கு மேலே கை மரத்துப்போய், சாயங்காலம் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் டீ குடித்தேன். ஒரு கண் என் கத்தியில், ஒரு கண் அவர் நாற்காலியில். இப்படி வேலை செய்தால் நான்தான் யாரையாவது அறுக்கப்போகிறேன்.

ரிடையர்டான ஹெட்மாஸ்டரிடம் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை வருவார், முப்பது வருஷமாக அண்ணன் கைதான். நான் கூப்பிட்டதற்கு, "உன் கை நல்ல கைதாம்ப்பா. ஆனா எனக்கு அவர் கை பழகிடுச்சு" என்று பெஞ்சில் காத்திருந்தார். தாடை தொங்கி, கழுத்துத் தோல் சுருங்கிப்போன மனிதர். அந்தத் தோலில் கத்தி வைப்பது எனக்கே கஷ்டம். அண்ணன் முடிக்கும்வரை நான் என் கத்தியை எடுக்கவேயில்லை.

ஒன்றும் ஆகவில்லை. பளபளவென்று அனுப்பினார். அதுதான் புரியவில்லை. சில நேரம் என்னைவிட நன்றாகச் செய்கிறார்.

மார்ச் 18, செவ்வாய்

இதை முழுதாக எழுத வேண்டும்.

மதியம் ஆள் ஓய்ந்ததும் நானே ஷட்டரைப் பாதி இறக்கினேன். "அண்ணே, கத்தி வேலையை நான் பாத்துக்கறேன். நீங்க கட்டிங் மட்டும் பாருங்க" என்றேன். மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம்.

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "உங்க அண்ணி சொன்னாளா?" என்றார். நானே பார்த்தேன் என்றேன். அந்தப் பையன் காதையும் சொன்னேன்.

அப்புறம் அப்பாவை இழுத்தார். அப்பா போனபோது எனக்குப் பதினொன்று, அண்ணனுக்கு இருபத்திரண்டு. அப்பா கத்தி பிடித்ததை எனக்குச் சரியாக ஞாபகமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் வழியாக வந்ததுதான். முதல் வாட்டி முடி போகிற போக்கில், இரண்டாவது குறுக்கே, தாடைக்குக் கீழே எதிர்ப்போக்கில் போகவே கூடாது. இடது கைக்குத்தான் வேலை அதிகம், தோலை இழுத்துப் பிடிப்பதில்தான் பாதி ஷேவிங் முடிகிறது. எல்லாம் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து இவருக்கு. இன்று அவர் சொன்னது மட்டும் நான் இதுவரை கேட்காதது. அப்பா தன் முகத்தையே கொடுத்து, அண்ணன் கண்ணைத் துணியால் கட்டிவிட்டுத்தான் பழக்கினாராம். விரல் முன்னால் போகணும், கத்தி பின்னால் வரணும், கண் வேடிக்கை பார்க்கத்தான் என்பாராம்.

"அப்பவே கண்ணு இல்லாமத்தான் கத்துக்கிட்டேன். இப்ப என்ன புதுசா? உக்காரு சேர்ல. ஒரு கீறல் விழுந்தா இன்னியோட கத்தியை வச்சுடறேன். விழலைன்னா நீ வாயைத் திறக்கக் கூடாது."

உட்கார்ந்தேன். சின்ன வயசில் எனக்கு முதல் மீசை எடுத்துவிட்டது அவர்தான். அதற்கப்புறம் இன்றுதான்.

சுடுதண்ணியில் பிழிந்த துண்டை முகத்தில் போட்டார். எடுத்துவிட்டு, நுரை போடுமுன் பத்து விரலாலும் என் முகத்தைத் தடவினார். மெதுவாக. நெற்றியிலிருந்து தாடைவரை. எங்கே எலும்பு, எங்கே பள்ளம், முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று எல்லாம் விரலிலேயே எடுத்துக்கொண்டார். வலது கன்னம் முடிந்தது தெரியவேயில்லை. மூக்கு நுனியைத் தூக்கி மேலுதட்டை எடுத்தார். இடது கன்னம். சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு ஷேவிங் என்னால் முடியாது. நான்தான் தப்பாக நினைத்துவிட்டேனோ என்றுகூட வந்தது.

தலையைச் சாய்த்தார். கழுத்து.

இடது தாடைக்குக் கீழே, சின்னதாக ஒரு சூடு. வலிகூட இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளை நுரையில் சிவப்பாக ஒரு கோடு, பார்க்கப் பார்க்க நீளமாகிக்கொண்டே வந்தது.

அண்ணனும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக என்னை, அந்தக் கோட்டை. முகத்தில் சிரிப்பு. பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்கு நிற்கிற பிள்ளை மாதிரி. அறுபத்தாறு வயசு.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே."

அவர் தோளில் கிடந்த துண்டை இழுத்துக் கழுத்தில் அழுத்திக்கொண்டேன். படிகாரத்தை நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சுத்தமா இருக்கா?"

"சுத்தமா இருக்கு."

"இப்ப சொல்லு, நிறுத்தணுமா?"

"வேணாம்ணே."

ஷட்டரைத் தூக்கினார். வெளியே போய் அவரே இரண்டு டீ வாங்கி வந்தார். ஒன்று பாதி சிந்தியிருந்தது. அதை எனக்குக் கொடுத்தார்.

மார்ச் 19, புதன்

காலர் உரசும்போதெல்லாம் எரிகிறது. மேல் பட்டன் வரை போட்டிருக்கிறேன். வீட்டில் இவள் காலையில் கழுத்தைப் பார்த்துவிட்டு, "நீயேவா வெட்டிக்கிட்டே?" என்றாள். ஆமாம் என்றேன்.

பொய் எண்ணிக்கை இரண்டு.

மார்ச் 21, வெள்ளி

அண்ணன் ஜோராக இருக்கிறார். விசில் அடிக்கிறார். ஷேவிங்குக்கு வருபவர்களை இப்போது அவர் முந்திக்கொண்டு கூப்பிடுகிறார், நான் வாயைத் திறக்கக் கூடாதே. இன்று ஒன்பது பேர். ஏழாவது ஆளுக்கு மோவாயில் கீறல். நான் பாய்ந்து போய், "பரு ஒண்ணு இருந்திருக்கு சார், உடைஞ்சிடுச்சு" என்றேன். அவர் நம்பினார். அண்ணனும் நம்பினார்.

யாரைக் காப்பாற்றுகிறேன் நான்? அண்ணனையா? அவர் எனக்கு அப்பா மாதிரி, எனக்காகப் பத்து வருஷம் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர், மனசு நோகக் கூடாது... எல்லாம் சரி. அந்த ஏழாவது ஆள் என்ன பாவம் செய்தார்?

அசதியாக இருக்கிறது. உடம்பு அசதி தூங்கினால் போய்விடும்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணன் இன்று தாமதமாக வந்தார். விசில் இல்லை. என்னைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது என்பது வேறு, என் பக்கமே திரும்பவில்லை.

பத்து மணிக்கு ஹெட்மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். அண்ணன் வழக்கம்போல் எல்லாம் செய்தார். வலது கன்னம் முடிந்தது. இடது பக்கம் நுரை அப்படியே இருக்க, கத்தியைப் பிடித்தபடி நின்றார். ரொம்ப நேரம் நின்ற மாதிரி இருந்தது. ஹெட்மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

அண்ணன் கத்தியை மடக்கி மேஜையில் வைத்தார். "சார், இந்தப் பக்கத்தை அவன் முடிப்பான்" என்றார். கை கழுவினார். துடைத்தார். சுவர் ஓரமாகக் கை வைத்துக்கொண்டே வாசலுக்குப் போனார்.

பெஞ்சில் ஆறு பேர். நான் மீதிப் பாதியை முடித்தேன். ஹெட்மாஸ்டர் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். போகும்போது அந்த மடித்த கத்தியை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

மார்ச் 24, திங்கள்

துண்டு. அந்தத் துண்டுதான்.

கடைத் துண்டுகளை அண்ணி ஞாயிற்றுக்கிழமை காலையில் துவைப்பார். அண்ணன் தோளில் போடுகிற துண்டில் ரத்தக் கறை. யாருக்கு வெட்டியது என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் இல்லை என்று அண்ணன். அப்புறம் துண்டைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாராம். காய்ந்து விறைப்பாக, விரல் நீளத்துக்கு. அந்தத் துண்டை அவர் தோளிலிருந்து யாரும் எடுத்ததில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

நான் வீட்டுக்குப் போனபோது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "கிட்ட வா" என்றார். போனேன். கையை நீட்டி என் காலருக்குள் விட்டு, இடது தாடைக்குக் கீழே தடவினார். பொருக்கு இன்னும் உதிரவில்லை. விரல் அங்கேயே நின்றது.

நான் அழுதேனா என்று தெரியவில்லை. "உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதாண்ணே" என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பா மூஞ்சியை எத்தனை தடவை வெட்டியிருக்கேன் தெரியுமா? கண்ணு கட்டியிருக்கும், எனக்கென்ன தெரியும். ஒவ்வொரு தடவையும் 'வெட்டிட்டே'ன்னு சொல்லுவாரு. எங்கேன்னு சொல்லுவாரு. அவ்வளவுதான், திட்ட மாட்டாரு. அவர் சொன்னதாலதான் எனக்குக் கை வந்துச்சு. நீ ஒரு வார்த்தை சொல்லல. சொல்லுவேன்னு நம்பித்தானே உன்னை உக்கார வச்சேன்? அஞ்சு நாளு... அஞ்சு நாளு ஜனங்க கழுத்துல கத்தி வச்சிருக்கேன்டா நான்."

அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணி வாசல்வரை வந்தார்.

மார்ச் 28, வெள்ளி

தனியாக மூன்றாவது நாள். இல்லை, நாலாவது. இருபத்தாறு பேர். ஜன்னல் ஓர நாற்காலியில் ஆள் உட்காரப் போனால் வேண்டாம் என்கிறேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்கள். காய்ச்சல் என்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

அண்ணி கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். நான் வரக்கூடாது என்றாராம் அண்ணன். அண்ணி போனில் சொன்னார்: நடுப்பார்வை போனது போனதுதான், திரும்பாது. ஓரப்பார்வை இருக்கும். இடது கண்ணில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அது போகாமல் இருக்க மாதம் ஒரு ஊசி. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தாராம். அண்ணன் கையைக் காட்டி நிறுத்திவிட்டாராம்.

அண்ணியிடம், என்னிடம் பேசச் சொல்லுங்கள் என்றேன். பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். மாட்டேன் என்று தலையாட்டியதாகச் சொன்னார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நிற்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே இரண்டு பேருக்கு ஷேவிங் செய்தேன். அந்த வீடியோப் பையன்களில் ஒருவன், "பெரிய அங்கிள் எங்க?" என்று கேட்டான். ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். பெஞ்சிலிருந்த கேஷியர் நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் காய்ச்சல் என்றல்லவா சொன்னேன்.

வீட்டில் சொன்னதற்கு இவள், "இன்னும் எத்தனை பேருக்கு எத்தனை கதை சொல்லப்போறே? உனக்கே சலிக்கலையா?" என்றாள்.

சலித்துவிட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

அண்ணன் வீட்டுக்குப் போனேன். உட்கார்ந்திருந்தேன். அவரும் உட்கார்ந்திருந்தார். ஃபேன் ஓடியது. அண்ணி டீ கொடுத்தார். வந்துவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

காலை ஒன்பதரைக்குக் கடை வாசலில் நிழல். அண்ணன். தனியாக நடந்து வந்திருக்கிறார், பிரதான சாலையைக் கடந்து. உள்ளே வந்து, ஆட்கள் காத்திருக்கும் பெஞ்சைத் தடவி, கேஷியருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நான் பிரஷ்ஷைக் கீழே தவறவிட்டேன்.

என் நாற்காலியில் ஹெட்மாஸ்டர். நுரை போட்டுக்கொண்டிருக்கும்போது கேஷியர் அண்ணனிடம் திரும்பி, "காய்ச்சல் தேவலையா?" என்று கேட்டார்.

அண்ணன் நான் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார். கொஞ்சம் சாய்வாக, ஓரப்பார்வையில் என்னைப் பிடிப்பதற்கு என்று பிறகுதான் புரிந்தது. காத்திருந்தார்.

கடை முழுக்க ஆள்.

"காய்ச்சல் இல்ல சார்" என்றேன். "நான் பொய் சொன்னேன். அண்ணனுக்குக் கண்ணு போயிடுச்சு. நடுவுல எதுவும் தெரியாது. இனிமே கத்தி எடுக்க மாட்டாரு."

சொல்லும்போது அண்ணனைப் பார்க்கத் தைரியம் இல்லை. சொல்லி முடித்ததும் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தார். முகத்தில் எதுவும் விழவில்லை, எதுவும் உடையவில்லை. கேஷியருக்குத்தான் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நடுவுலதான் தெரியல சார்" என்றார் அண்ணன் அவரிடம். "ஓரத்துல ஓசிப் பேப்பர் படிக்க வர்றவங்க எல்லாம் நல்லாத் தெரியறாங்க."

கேஷியர் கையிலிருந்த பேப்பரை மடித்தார். பெஞ்சே சிரித்தது. ஹெட்மாஸ்டர் நுரைக்குள்ளிருந்து சிரித்தார், கத்தியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு வேலையைத் தொடர்ந்தேன். பேச்சில் நேரம் போயிருந்தது. வலது கன்னத்தில் ஒரு இழுப்பு, இரண்டு. பெஞ்சிலிருந்து குரல் வந்தது. இருபத்தாறு நாளுக்கு அப்புறம் என்னிடம்.

"நுரை காஞ்சிடுச்சு. சத்தம் கேக்கலையா உனக்கு? திரும்பப் போடு."

பிரஷ்ஷை நனைத்துத் திரும்பப் போட்டேன்.